நான் செய்யும் கேமை நானே விளையாடமாட்டேன்

போன இதழில், வேலை கசந்துபோன ஒரு கேம் அனிமேட்டரின் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது போதவில்லை என்பது அப்புறம் வந்த மெயில்களைப் பார்த்தால் தெரிகிறது. அதனால் இந்த முறை பகுதி முழுக்க வீடியோ கேம் ஸ்டூடியோக்காரர்களுக்கே. பெயர், ஸ்டூடியோ, கேம் எதுவும் போடவேண்டாம் என்று கிட்டத்தட்ட எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். போடவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கும் ரகசிய ஒப்பந்தங்கள் எப்படிப்பட்டவை என்று எனக்கும் தெரியும், நானும் ஒரு காலத்தில் லெவல் டிசைனராக (கேமின் ஒவ்வொரு கட்டத்தையும் வடிவமைப்பவராக) இருந்தவள்தான்.

கேள்வி: அக்கா, ஆறு வருடமாக ஒரு மொபைல் கேம் ஸ்டூடியோவில் லெவல் டிசைனராக இருக்கிறேன். பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கம் முழுக்க மேப் வரைந்த ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடுராத்திரியில்கூட, இன்னும் ஒரு தடவை விளையாடிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று தோன்றும். இப்போது காலையில் வேலைப் பட்டியல் வரும் ஜிரா மென்பொருளைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது. சமீபத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு லெவல் செய்தேன், ரொம்ப நாள் கழித்து எனக்கே பிடித்திருந்தது. ஏ/பி டெஸ்டில் ரிட்டென்ஷன் (திரும்ப வந்து விளையாடுகிறவர்களின் எண்ணிக்கை) குறைகிறது என்று அதைத் தூக்கிவிட்டு, பழைய லெவலையே நிறம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். நான் செய்யும் கேமை நானே விளையாடமாட்டேன், அதுதான் நிஜம். எனக்குள் இருந்த கற்பனை வற்றிவிட்டதா?

பதில்: வற்றவில்லை. வற்றியிருந்தால் அந்த லெவலைத் தூக்கியது உங்களுக்கு வலித்திருக்காது. ஜிராவில் அந்த வேலைக்கான டிக்கெட்டை க்ளோஸ் செய்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பீர்கள்.

முதலில் களைப்பையும் கசப்பையும் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட் என்ற வேலைச் சோர்வைத் தன் புதிய நோய் வகைப்பாட்டில் வேலை சார்ந்த நிகழ்வாகச் சேர்த்தபோது, இது நோய் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் மூன்று அடையாளங்களைக் கொடுத்தது: சக்தியெல்லாம் வடிந்துபோன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மேல் வெறுப்பு, செய்கிற வேலையை உருப்படியாகச் செய்ய முடிகிறது என்ற நினைப்பே குறைந்துபோவது. மூன்றும் சேர்ந்து இருந்தால் டிசைன் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை, தூக்கமும் விடுப்பும் மருத்துவரும்தான் முதலில். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது. சோதித்துப் பார்க்க வழி உண்டு. கொஞ்சம் நீளமாகவே லீவு எடுங்கள், ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள். சில நாளில் கை தானாக எதையாவது வரைய ஆரம்பித்தால் உங்களுக்குக் களைப்பு இல்லை, கசப்பு. எத்தனை நாளானாலும் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், அப்புறம் இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிக்கலாம்.

கசப்பு எங்கிருந்து வருகிறது? முதலாளி கெட்டவர், மார்க்கெட்டிங் டீமுக்கு ரசனை இல்லை என்பதெல்லாம் மத்தியானம் சாப்பிடும்போது பேசிக்கொள்ள நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. என் கணக்கில் இது தூரத்தின் பிரச்சினை. ஒரு கேமைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் இடத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது, உங்கள் கைக்கும் விளையாடுகிறவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது, இந்த இரண்டும் நீண்டுகொண்டே போனால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் வேலை கடனே என்று ஆகிவிடும். ஒரு லெவல் எந்த உலகத்தில் நடக்கிறது, எத்தனை நிமிடம் ஓடவேண்டும், எந்த இடத்தில் விளம்பரம் வரவேண்டும், எத்தனாவது தோல்விக்கு அப்புறம் காசு கொடுத்து உயிர் வாங்கச் சொல்லவேண்டும், எல்லாம் முடிவான பிறகுதான் கிரேபாக்ஸ், அதாவது வெறும் பெட்டிகளால் ஆன லெவலின் முதல் வடிவம், உங்கள் மேஜைக்கு வருகிறது. மிச்சமிருப்பது பெட்டிகளை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா வைப்பது என்பதுதான், அதிலும் கடைசி வார்த்தை எண்களைக் காட்டும் டேஷ்போர்டுக்கு.

இந்தத் துறையின் பழைய கதை ஒன்றைச் சொன்னால் விஷயம் புரியும். 1970-களின் கடைசியில் அட்டாரி என்ற நிறுவனத்தின் கேம் மெஷினுக்கான கார்ட்ரிட்ஜ் கேம்களை அனேகமாக ஒரே ஆள்தான் செய்வார். யோசனை, கோட், படம், சத்தம் எல்லாமே அவர். முடிவெல்லாம் அவர் கையில், ஆனால் பெயர் மட்டும் எங்கேயும் வராது. அந்த வயிற்றெரிச்சலில்தான் வாரன் ராபினெட் 'அட்வென்ச்சர்' கேமுக்குள் யாருக்கும் சொல்லாமல் ஒரு ரகசிய அறை வைத்து அதில் தன் பெயரை எழுதிவிட்டு, நிறுவனத்தை விட்டும் போய்விட்டார். டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான் என்ற நான்கு புரோகிராமர்கள் பெயரும் உரிய காசும் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் 1979-ல் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். (அந்த ஆக்டிவிஷன் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ராட்சத நிறுவனமாக வளர்ந்து, 2023-ல் கிட்டத்தட்ட 69 பில்லியன் டாலருக்கு மைக்ரோசாஃப்டிடம் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா என்னவென்றே தெரிவதில்லை.) இன்றைக்கு நிலைமை தலைகீழ். க்ரெடிட்ஸில் உங்கள் பெயர் நூற்றுக்கணக்கான பெயர்களோடு ஓடும், ஆனால் இதை நான் முடிவு செய்தேன் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு இடம் இருக்காது. அப்போது அவர்களிடம் இல்லாதது பெயர், இப்போது உங்களிடம் இல்லாதது முடிவு. இரண்டில் முடிவு இல்லாததுதான் மோசம் என்பது என் கட்சி.

அடுத்து அந்த ஏ/பி டெஸ்ட். பாதிப் பேருக்கு பழைய லெவல், பாதிப் பேருக்கு உங்கள் லெவல், மறுநாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுவது. அது அளப்பது அவ்வளவுதான். லெவல் நன்றாக இருந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒருவர் புதிரைப் பார்த்து நின்று ரசித்து யோசிக்கிற இடமும், வெறுத்துப்போய் போனைக் கீழே வைக்கிற இடமும் வரைபடத்தில் ஒரே பள்ளமாகத்தான் தெரியும். அதற்காக டேட்டாவே வேண்டாம் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அதில் ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. டெஸ்ட் ஓடுவதற்கு முன்னாலேயே உள்ளே போய் உட்காருங்கள். என்ன ஊகத்தைச் சோதிக்கிறோம், எந்த வகை ஆட்டக்காரர்களிடம், எந்த எண் எவ்வளவு இறங்கினால் தோல்வி என்று வைத்துக்கொள்கிறோம், இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்தவருக்குக் கஷ்டமாக இருந்த லெவல், நூறாவது லெவல் தாண்டியவருக்குப் பிடித்திருக்கலாம். கூடவே, விளையாடுகிறவர்களின் ஸ்கிரீன் பதிவு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து டீம் ஆள் ஒருவரை உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் அவர் முகத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது தூரம் இதில் கொஞ்சம் குறையும், அதுவே பெரிய விஷயம்.

முதல் தூரத்தைக் குறைக்க இடம் மாறவேண்டியிருக்கும். ஸ்டூடியோவையே மாற்றவேண்டும் என்றில்லை. ப்ரோட்டோடைப் (சோதனை மாதிரி செய்யும்) டீம், டூல்ஸ் (கேம் செய்ய உதவும் கருவிகள் செய்யும்) டீம், புது ப்ராஜெக்டின் ஆரம்பக்கட்டம், இங்கேயெல்லாம் முடிவுகள் இன்னும் உறைந்துபோயிருக்காது. வேறு ஸ்டூடியோவுக்கு இன்டர்வியூ போனால் என்ன கேம் செய்கிறீர்கள் என்று கேட்பதைவிட, கடைசியாக ஒரு லெவல் டிசைனர் சொல்லி நீங்கள் மாற்றிய விஷயம் என்ன என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் உடனே ஒன்றைச் சொன்னால் நல்ல இடம். கூரையைப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் நேரேட்டிவ் டிசைனர், கேமுக்குக் கதையும் வசனமும் எழுதுவது என் வேலை. மூன்று வருடம் எழுதிய கேமை ஒரு செவ்வாய்க்கிழமை காலை கால்மணி நேர மீட்டிங்கில் ரத்து செய்துவிட்டார்கள். வேலை போகவில்லை, வேறு ப்ராஜெக்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு வரிகூட வெளியே காட்டமுடியாது. எல்லோரும் 'சகஜம்தான், விடு' என்கிறார்கள். எனக்கு விடமுடியவில்லை.

பதில்: சகஜம்தான். அதனால் வலி குறையவேண்டும் என்று சட்டம் இல்லை. 2023-லும் 2024-லும் உலகம் முழுக்க ஸ்டூடியோக்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பின, 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் மட்டும் 1,900 பேர். கூடவே வெளியே தெரியாமல் போன கேம்களைக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. உங்களுடையது அதில் ஒன்று, கிணற்றில் போட்ட கல் மாதிரி. ஊரே பார்த்துத் திட்டினால்கூட ஒரு ஆறுதல் இருக்கும், இதில் அதுவும் இல்லை.

உடனே புது ப்ராஜெக்டில் தலையைக் கொடுத்து மறக்கப் பார்க்காதீர்கள். நடைமுறையில் சில வேலை இருக்கிறது. என்னென்ன போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ரத்தான கேமுக்குக்கூட பெயர் சொல்லாமல் வேலையின் தன்மையை மட்டும் போட்டுக்கொள்ள சில இடங்களில் அனுமதி கிடைக்கும், கேட்காமல் இருப்பதால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. அப்புறம், டீமில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ஒரு சாயங்காலம் போஸ்ட்மார்ட்டம் நடத்துங்கள். வெளியான கேமுக்கு மட்டும்தான் அது என்று யார் சொன்னது? எந்தக் கட்டத்தில் கேம் திசை மாறியது, வெர்ட்டிகல் ஸ்லைஸ் (முழு கேம் எப்படி இருக்கும் என்று காட்டச் செய்யும் சின்ன மாதிரி) காட்டியபோதே காசு போடும் பப்ளிஷர் முகம் சுருங்கியதா, கிளைக்கதைகள் எத்தனை என்பதை யார் தீர்மானித்தார்கள், இதெல்லாம் உங்கள் தலையில் இருக்கும்வரை உங்களுடையதுதான். பாத்திரங்களின் பெயரும் வசனமும் நிறுவனத்தின் சொத்து. ஒரு பாத்திரம் பொய் சொல்கிறது என்பதை வசனமே இல்லாமல் ஆட்டக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது என்று நீங்கள் கண்டுபிடித்தது எந்த ஒப்பந்தத்திலும் அடங்காது.

கேள்வி: நாங்கள் கெஞ்சிக் கேட்டும் தேதியைத் தள்ளாமல் அரைகுறையாக ரிலீஸ் செய்தார்கள். இப்போது விமர்சனங்களில் 'சோம்பேறி டெவலப்பர்கள்' என்று திட்டுகிறார்கள். கடைசி மாதங்களில் வீட்டுக்கே போகாமல் வேலை செய்தவர்களைச் சோம்பேறி என்கிறார்கள். கேம் செய்வதே அசிங்கமாகத் தோன்றுகிறது.

பதில்: ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்று ஒருவர். 1982-ல் அட்டாரிக்காக 'யார்ஸ் ரிவெஞ்ச்' செய்தவர், அந்த மெஷினின் மிகச் சிறந்த கேம்களில் அதுவும் ஒன்று என்று இன்றும் சொல்வார்கள். அதே வருடம் 'ஈ.டி.' படத்தின் உரிமை பேரம் இழுத்துக்கொண்டே போய், பண்டிகைக் கால விற்பனையைப் பிடித்தாகவேண்டும் என்பதால், பொதுவாக ஐந்தாறு மாதம் எடுக்கும் வேலையை ஐந்தே வாரத்தில் முடிக்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட தனி ஆளாக முடித்தும் கொடுத்தார். லட்சக்கணக்கான கார்ட்ரிட்ஜ்கள் விற்காமல் தேங்கின, மிச்சத்தில் ஒரு பகுதியை நியூ மெக்ஸிகோவில் அலமகார்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014-ல் அதைத் தோண்டி எடுத்து ஆவணப்படமும் எடுத்தார்கள். உலகத்திலேயே மோசமான கேம் என்ற பட்டியல் எங்கே வந்தாலும் அது இருக்கும். ஐந்து வாரம் என்று முடிவு செய்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, கவனித்தீர்களா? வார்ஷா பிறகு உளவியல் சிகிச்சையாளராகிவிட்டார், இதே தொழில்நுட்பத் துறைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்.

உங்களைத் திட்டுகிறவர்களுக்கு டெவலப்பர் என்பது ஒரே ஆள். காசு போட்டவர், தேதி குறித்தவர், பக் (கோளாறு) இருக்கிறது என்று கத்தியவர், எல்லோரும் அவர்களுக்கு ஒன்றுதான். அதைத் திருத்த முடியாது, திருத்தப் போய் இணையத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. விமர்சனங்களைப் படிக்கும் வேலையை டீமில் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், அவர் பக் விவரத்தை மட்டும் பிரித்து உங்களுக்குத் தரட்டும். மற்றபடி நீங்கள் எழுதிய எச்சரிக்கை மெயில்கள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். பழி தீர்க்க இல்லை. அடுத்த ப்ராஜெக்டின் அட்டவணை போடும்போது மேஜையில் வைக்க.

கேள்வி: நான் கேம் எகானமி டிசைனர், கேமுக்குள் எது என்ன விலை, எது எப்போது கிடைக்கும் என்று கணக்குப் போடுவது என் வேலை. கச்சா சம்மன் (காசு கொடுத்து அதிர்ஷ்டக் குலுக்கலில் பொருள் எடுப்பது), பேட்டில் பாஸ் (காசு கட்டி, விளையாட விளையாடப் பரிசு பெறும் சீட்டு), நேரம் முடிவதற்குள் வாங்கு என்ற ஆஃபர், இதுதான் என் தினசரி. மாதாமாதம் ஒரு சின்னக் கூட்டம்தான் வருமானத்தில் பெரும்பகுதியைக் கொட்டுகிறது, அவர்களை ஆபீஸில் திமிங்கிலம் என்கிறோம். ஒரு நாள் அந்தத் திமிங்கிலங்களில் ஒருவர் எழுதிய சப்போர்ட் டிக்கெட்டைப் படித்துவிட்டேன். அப்புறம் தூக்கம் இல்லை. நான் சூதாட்டம்தான் விற்கிறேனா?

பதில்: பூசி மெழுகாமல் சொல்கிறேன், சில வடிவங்களில், ஆமாம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஜப்பானில் பல அரிய பொருட்களைச் சேர்த்து முழு செட் ஆக்கினால் பெரும்பரிசு என்ற கம்ப்ளீட் கச்சாவை 2012-லேயே சட்டவிரோதம் என்றார்கள். பெல்ஜியம் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்கள் (உள்ளே என்ன என்று தெரியாத பரிசுப் பெட்டிகள்) சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்ல, பல நிறுவனங்கள் அங்கே அவற்றை எடுத்துவிட்டன. ஆப்பிள் 2017 டிசம்பரில் ஆப் ஸ்டோர் விதியை மாற்றி, என்ன கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வாங்கும் முன் காட்டவேண்டும் என்றது. இவ்வளவு பேர் தலையிட்ட விஷயத்தில் உங்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை என்றால் கோளாறு உங்களிடம் இல்லை.

ஆனால் நீங்கள் இருக்கும் இடம் சாதாரணம் இல்லை. மேலே எழுதிய லெவல் டிசைனருக்கு முடிவு தூரத்தில் இருக்கிறது, உங்களுக்கு மிகப் பக்கத்தில். அந்த எக்ஸெல் ஷீட்டில் நீங்கள் போடும் எண்தான் கேம். இத்தனை தடவை முயன்றும் வரவில்லை என்றால் கட்டாயம் கொடுத்துவிடவேண்டும் என்ற பிட்டி எண்ணை யார் போடுகிறார்கள்? நிஜக் காசை ரத்தினமாக, ரத்தினத்தைச் சாவியாக மாற்றி விலையே தெரியாமல் ஆக்கும் அடுக்குகள் இரண்டா மூன்றா என்று யார் சொல்கிறார்கள்? ஒரு மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவழித்தால் ஒரு தடவை நிறுத்திக் கேட்கும் திரையை யார் முன்மொழியலாம்? நீங்கள். கருணை என்று சொல்லி முன்மொழிந்தால் மேலே எடுபடாது. காசைத் திரும்பக் கேட்கும் வழக்குகள், கட்டுப்பாட்டு அமைப்புகள், அதிகம் கொட்டியவர் ஒரு நாள் கோபத்தோடு மொத்தமாகப் போய்விடுவது, இந்த மொழியில் எழுதுங்கள். சிலது ஏற்கப்படும், சிலது ஏற்கப்படாது.

எதுவுமே ஏற்கப்படாத இடம் என்றால் கிளம்பத் தயாராகுங்கள், அவசரப்படாமல். எகானமி தெரிந்தவருக்கு காசே கேட்காத கேம்களிலும் வேலை உண்டு. ஒரு ரோல்பிளேயிங் கேமில் தங்கம் எவ்வளவு கிடைக்கவேண்டும், கத்தி எப்போது தேய்ந்துபோகவேண்டும் என்று கணக்குப் போடுவதும் இதே வித்தைதான், எதிரே இருப்பவரின் வங்கிக் கணக்கு மட்டும் அதில் இல்லை.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் தனியாக இண்டி கேம் செய்யலாம் என்றிருக்கிறேன். 'ஸ்டார்டியூ வேலி' ஒரே ஆள் செய்தது, 'பலாட்ரோ' ஒரே ஆள் செய்தது. நான் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட், எட்டு வருட அனுபவம். ஒரு வருடத்துக்குத் தாங்கும் சேமிப்பு இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

பதில்: எரிக் பரோன் 'ஸ்டார்டியூ வேலி'யை 2016-ல் வெளியிடுவதற்கு முன்னால் நாலரை வருடம் தனியாக வேலை செய்தார். கோட், படம், இசை எல்லாம் அவரே. அந்த வருடங்களில் ஒரு தியேட்டரில் பகுதிநேரமாக ஆட்களை இருக்கையில் உட்காரவைக்கும் வேலை பார்த்தார், கூட வாழ்ந்தவரின் சம்பளம் வீட்டைத் தாங்கியது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கேம் கோடிக்கணக்கில் விற்றதைச் சொல்வார்கள், அந்தச் சம்பளத்தைச் சொல்லமாட்டார்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 2024-ல் மட்டும் 18,000-க்கு மேல் கேம்கள் வெளியாயின. 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், விற்றால் கடைக்கு 30 சதவீதம். அந்தக் கூட்டத்தில் உங்கள் கேம் இருப்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

நான் உங்களைத் தடுக்கவில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. லூகாஸ் போப் 'அன்சார்ட்டட்' போன்ற பிரம்மாண்ட கேம்கள் செய்த ஸ்டூடியோவில் இன்டர்ஃபேஸ், டூல்ஸ் பக்கம் வேலை பார்த்தவர். வெளியே வந்து சின்னச் சின்ன கேம்களாகச் செய்து பழகி, 2013-ல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வெளியிட்டார். எல்லைச் சாவடி அதிகாரியாக உட்கார்ந்து பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் ஒப்பிட்டு முத்திரை குத்துவதுதான் ஆட்டம். அதாவது மேஜை, காகிதம், ஜன்னல். ஸ்டூடியோவில் யாருமே கலை என்று சொல்லாத இன்டர்ஃபேஸ் வேலையையே கேமின் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார். உங்கள் எட்டு வருட அனுபவத்தில் அப்படி எது இருக்கிறது என்று யோசியுங்கள். கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்றால் நூறு கேரக்டர் வரும் கேமைத்தான் செய்யவேண்டும் என்று கற்பனை ஓடும். ஒரே ஒரு முகம் மட்டும் வரும் கேம் என்னவாக இருக்கும்?

சரி, நடைமுறை. வேலையை விடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேமை முடித்து, அந்நியர் நாலு பேர் விளையாட வெளியிடுங்கள். சின்னதாக இருக்கட்டும், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. மெனு, சேவ், சத்தத்தைக் குறைக்கும் பட்டன் உட்பட எல்லாம் இருக்கவேண்டும், ஸ்டூடியோவில் வேறு யாரோ செய்து தந்த அந்தச் சில்லறை வேலைகளில்தான் தனி ஆள் கவிழ்கிறார். சில நாளில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் கேம் ஜாம்கள் அதற்காகவே இருக்கின்றன. 'செலஸ்ட்' முதலில் நாலே நாளில் பிகோ-8 என்ற மென்பொருளில் செய்த குட்டி கேம், 2018-ல் வந்த பெரிய கேம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 'பாபா இஸ் யூ'வும் 2017-ல் ஒரு ஜாமில் பிறந்தது. அதோடு, எதையும் தொடங்கும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஆபீஸ் நேரத்துக்கு வெளியே, சொந்தக் கம்ப்யூட்டரில் செய்ததுகூட நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி இருந்தால் எழுத்தில் விலக்கு வாங்குங்கள், முடிந்தால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். என்ஜின் (கேமைக் கட்டும் அடிப்படை மென்பொருள்) எது என்ற சண்டையில் காலத்தைக் கழிக்காதீர்கள், ஆனால் 2023 செப்டம்பரில் இன்ஸ்டால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்று யூனிட்டி என்ஜின் நிறுவனம் அறிவித்து ஒரு வருடம் கழித்து வாபஸ் வாங்கிய கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வீட்டில் குடியிருக்கிறோம் என்பது தனியாகப் போனாலும் மாறாது. கோடோ மாதிரி திறந்த மூல என்ஜின்கள் இருக்கின்றன, பாருங்கள்.

ஒரு வருடச் சேமிப்பு என்றால் ஆறு மாத கேம் திட்டமிடுங்கள்.

கேள்வி: என் கணவர் கேம் புரோகிராமர். கல்யாணமான புதிதில் ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுவோம். இப்போது கன்ட்ரோலரைத் தொடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். கேட்டால் 'பிடித்த வேலைதானே' என்கிறார். பிடித்த மாதிரி அவர் முகம் இல்லை.

பதில்: பிடித்த வேலை என்ற ஒரே வார்த்தையை வைத்துத்தான் இந்தத் துறை ஆட்களை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறது. வாசலில் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்கிறார்கள். 2004-ல் ஒரு டெவலப்பரின் துணைவி, பெயர் சொல்லாமல், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வேலை வாங்குகிறார்கள் என்று இணையத்தில் எழுதினார். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பற்றிய அந்தக் கடிதத்தைத் துறை முழுக்கப் படித்தார்கள். அதே சமயத்தில் ஓவர்டைம் சம்பளம் கேட்டுப் போட்ட வழக்குகளில் ஆர்ட்டிஸ்டுகளுக்கு 15.6 மில்லியன் டாலர், புரோகிராமர்களுக்கு 14.9 மில்லியன் டாலர் என்று அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. உள்ளே இருப்பவர் சகஜம் என்று பழகிப்போனதை வெளியே இருப்பவர்தான் முதலில் பார்க்கிறார். நீங்களும் பார்த்துவிட்டீர்கள்.

மறுபடி விளையாடலாம் வா என்று கூப்பிடாதீர்கள். திரையில் எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு ஃப்ரேம் ரேட்டும் பக்கும்தான் தெரியும், அதுவும் வேலை மாதிரியே இருக்கும். ஸ்கிரீன் இல்லாத ஏதாவது செய்யுங்கள். போர்டு கேமாக இருக்கலாம், கேமே இல்லாமலும் இருக்கலாம். அப்புறம் கிரஞ்ச், அதாவது இந்த ஓயாத ஓவர்டைம், முடியும் தேதியை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தேதி தள்ளிப்போனால் அடுத்த பேச்சு அவரைப் பற்றி இருக்கக்கூடாது, அந்த வேலையைப் பற்றி இருக்கவேண்டும்.

கேள்வி: நான் டீம் லீட். பன்னிரண்டு பேர். எல்லோரும் சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறார்கள், யாரும் ஐடியா சொல்வதில்லை. மோட்டிவேஷன் பேச்சு ஏற்பாடு செய்யலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து. ஐடியா சொன்னபோது என்ன நடந்தது என்பதை அவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அதனால் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் கேமில் ஒரு சின்ன இடத்தை முழுசாக ஒப்படையுங்கள். கதவு திறக்கும் விதம், ஒரு எதிரி, கடைசித் திரை, எதுவானாலும் சரி, அதில் கடைசி வார்த்தை அவருடையது, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அது கேமில் போகும். டபுள் ஃபைன் ஸ்டூடியோ, வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் டீம்களைப் பிரித்து ப்ரோட்டோடைப் செய்யவைக்கும் வழக்கம் ஒன்று வைத்திருந்தது. பெரிய ப்ராஜெக்ட் ஒன்று கைவிட்டுப் போனபோது அந்த ப்ரோட்டோடைப்களிலிருந்துதான் 'காஸ்ட்யூம் குவெஸ்ட்', 'ஸ்டாக்கிங்' மாதிரி கேம்கள் வந்து ஸ்டூடியோவைத் தாங்கின. உங்களுக்கு இரண்டு வாரம் கிடைக்காது என்றால் இரண்டு நாள் கேளுங்கள். ஒரு ஐடியாவை நிராகரித்தால் காரணத்தை அன்றைக்கே சொல்லுங்கள், 'ஸ்கோப் இல்லை', அதாவது திட்டத்தில் இடமில்லை என்பது காரணம் ஆகாது.

கேள்வி: கல்லூரி கடைசி வருடம். இந்தத் துறையைப் பற்றிக் கேள்விப்படுவதையெல்லாம் பார்த்தால் பயமாக இருக்கிறது. கேம் ஸ்டூடியோவில் சேரலாமா வேண்டாமா?

பதில்: மேலே இருக்கும் கடிதங்களை நீங்கள் இன்னும் படிக்கவில்லை, ஆனால் கேள்வி சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது. சேருங்கள். பெரிய கேமை எப்படி முடிக்கிறார்கள் என்பதை வேறெங்கும் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்கமுடியாது. பெயர் பெற்ற பெரிய ஸ்டூடியோவும் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சின்ன ஸ்டூடியோவும் ஒரே சமயம் கூப்பிட்டால், முதல் வேலைக்கு நான் சின்னதைத்தான் சொல்வேன். ஓவர்டைமுக்குக் காசு உண்டா, க்ரெடிட்ஸில் பெயர் வருமா, பாதியில் வேலையை விட்டாலும் வருமா, சொந்தமாகச் செய்யும் கேம் யாருக்குச் சொந்தம், இந்த நாலையும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.